ஊசிஸ்ட் ஏராளம், பிசிஆரில் ஒன்றுமே வரவில்லை. எங்கே தவறு?

கூளம்_பிஜி:
வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு பிராய்லர் பண்ணை, ரத்தக்கழிச்சல். எச்சத்தை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்தால் ஐமீரியா என்ற குடல் ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட் (முட்டை போன்ற கூடு) கொட்டிக் கிடக்கிறது. பெரும்பாலானவை 20 முதல் 22 மைக்ரான், அங்கங்கே 30 மைக்ரானில் சில. பெரியது மேக்சிமா என்ற இனமாக இருக்கலாம், மற்றது டெனெல்லா இனமா நெகாட்ரிக்ஸ் இனமா என்று கண் வலிக்கப் பார்த்தும் பிடிபடவில்லை. சரி, ஐடிஎஸ்-1 என்ற டிஎன்ஏ பகுதியைப் பிடிக்கும் பிரைமர் (சிறு டிஎன்ஏ துண்டு) வாங்கி, கோழியைத் தாக்கும் வழக்கமான ஏழு ஐமீரியா இனத்துக்கும் தனித்தனியாக மூன்று தடவை பிசிஆர் (அந்த டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் சோதனை) போட்டாயிற்று. கன்ட்ரோலில், அதாவது இனம் தெரிந்த டிஎன்ஏவில், ஜெல்லில் அழகாகப் பட்டை வருகிறது, என் மாதிரியில் ஜெல் காலி. என் ஆராய்ச்சி கைடு பிரைமரை மாற்றச் சொல்கிறார். மறுபடி காசு போடுவதற்கு முன்னால் கேட்டுவிடலாமென்று வந்தேன்.

லேப்வாசி:
கன்ட்ரோலில் வருகிறதே, பிரைமர் மேல் ஏன் பழி? ஊசிஸ்ட்டை உடைத்தீர்களா? அதன் சுவர் இரண்டு அடுக்கு, டிஎன்ஏ எடுக்கும் கிட்டில் வரும் கரைசலெல்லாம் அதை ஒன்றும் செய்யாது. அரை மில்லிமீட்டர் கண்ணாடி மணி போட்டு வோர்டெக்ஸில் (குலுக்கும் கருவியில்) அடியுங்கள், நடுவில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் பாருங்கள், உருண்டை முழுசாகத் தெரிந்தால் மறுபடி அடிக்க வேண்டியதுதான். நான் முதல் வருஷம் இதைப் பார்க்காமலே இரண்டு மாதம் ஜெல் ஓட்டியவன், சிரிக்காதீர்கள். அப்புறம், ஊசிஸ்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் (கெடாமல் வைக்கும் மஞ்சள் கரைசல்) வைத்திருந்தீர்களா?

கூளம்_பிஜி:
2.5 சதவீதத்தில். ஒரே ஒரு தடவைதான் கழுவினேன் :(

லேப்வாசி:
மஞ்சள் போகும்வரை கழுவுங்கள், அது பிசிஆரையே தடுக்கும். சந்தேகமிருந்தால் உங்கள் டிஎன்ஏவில் கொஞ்சம் கன்ட்ரோல் டிஎன்ஏ கலந்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பட்டை இல்லையென்றால் ஏதோ தடுக்கிறது, பத்து மடங்கு நீர்க்கவிட்டுப் போடுங்கள். வந்துவிட்டால் உங்கள் டியூபில் டிஎன்ஏவே இல்லை, கண்ணாடி மணியால் உடைக்கும் வேலைக்குத் திரும்புங்கள்.

பண்ணை டாக்டர்:
தம்பி, செத்த கோழியை அறுத்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். டெனெல்லா என்றால் சீக்கத்தில் (குருட்டுக்குடலில்) ரத்தம் கட்டி நிற்கும். நெகாட்ரிக்ஸ் நடுக்குடலை ஊத வைக்கும், வெளியிலிருந்தே வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி தெரியும், ஆனால் அதன் ஊசிஸ்ட் உருவாவது சீக்கத்தில், அதனால் எடுத்த இடத்தை வைத்து இனத்தை எழுதிவிடாதீர்கள். பிராய்லர் வயதில் நெகாட்ரிக்ஸ் அபூர்வம். மைடிஸ், பிரேகாக்ஸ் என்ற இனங்கள் இரண்டும் அறுத்தாலும் சரியாகத் தெரியாது, எடை மட்டும் ஏறாது, பிசிஆருக்கு உண்மையான வேலை அங்கேதான். குஞ்சுக்கு உயிருள்ள தடுப்பு மருந்து கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். அந்த மருந்தில் இருக்கும் ஐமீரியாவின் ஊசிஸ்டும் எச்சத்தில் வரும், உங்கள் பிரைமருக்கு இரண்டும் ஒன்றுதான்.

லேப்வாசி:
டாக்டர் சொன்னது முக்கியம். இன்னொன்று, ஐமீரியா பொதுப் பிரைமரில் பட்டை வந்து ஏழு இனத்துக்கும் வராவிட்டால் சீக்வன்ஸ் பண்ணுங்கள் (டிஎன்ஏ வரிசையைப் படித்துப் பாருங்கள்). ஆஸ்திரேலியாவில் முதலில் கண்டு, 2021ல் லேட்டா, நகாம்பி, ஜாரியா என்று பெயர் வைத்த மூன்று ஐமீரியா இனமும் அந்த ஏழில் சேராது.

கூளம்_பிஜி:
நான்கு தடவை கழுவி, எட்டு நிமிடம் அடித்தேன். நீர்க்காத டிஎன்ஏவில் அப்போதும் காலிதான், பத்து மடங்கு நீர்த்ததில் டெனெல்லா, மேக்சிமா இரண்டும் பளிச்சென்று வந்தன! நெகாட்ரிக்ஸ் இல்லை. ஆனால் ஹேச்சரியிலேயே தடுப்பு மருந்து கொடுத்தார்களாம். இப்போது என்னவென்று எழுதுவது?

பண்ணை டாக்டர்:
சீக்கத்தை அறுத்துப் பார்த்த போட்டோ இருந்தால் முதலில் அதைப் போடுங்கள்.