மீரியபெத்தை நாளைப் பிள்ளைகளோடு எப்படி நினைவுகூருவது?

கொஸ்லந்தை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 6க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போன கிழமை வகுப்பில், "ஒக்டோபர் 29 என்ன நாள்?" என்று கேட்டேன். ஒரேயொரு கைதான் உயர்ந்தது. "எங்க அம்மாயி மண்ணுக்குள்ள போன நாள் டீச்சர்." மற்றப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் யாரும் 2014இல் பிறந்திருக்கவில்லை.

டிசெம்பர் 26 என்றால் இதே பிள்ளைகளுக்குத் தெரிகிறது. காலை 9.25க்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறது, அது தேசிய பாதுகாப்பு தினம், டீவியில் காட்டுகிறார்கள். கடலைப் பார்த்தேயிராத பிள்ளைக்குக்கூட சுனாமி தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் நம் மலை சரிந்து ஆட்களை மூடியது தெரியாது.

அன்றைக்கு நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, அடுத்த தோட்டத்தில். இரவெல்லாம் மழை. காலையில் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்கள் லயத்தோடு போனார்கள். அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இருட்டிய பிறகு வந்து, சேறு காயாத மண்வெட்டியை அப்படியே வாசலில் சாத்தினார். எதையும் கழுவாமல் வைக்க விடாத அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் என்று ரேடியோ சொன்னது. பிறகு எண் இறங்கிக்கொண்டே வந்தது. எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

இந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் பலகை ஒன்று வைக்க ஆசைப்படுகிறேன். இரண்டு நிமிட மௌனம் போதும் என்று பாடசாலையில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

நோட்டன் தம்பி:

டீச்சர், எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். 1974 டிசெம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன விமானம் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் இன்றும் இருக்கிறது. "இது என்ன?" என்று கேட்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. மறுநாள் மலையேறிப் போன பெரியப்பா எனக்கு அதைக் காட்டித்தான் கதை சொன்னார். அவர்கள் யாரும் நம் சொந்தக்காரர் இல்லை, ஆனாலும் ஐம்பது வருஷமாக மறக்கவில்லை. பலகையைப் பாடசாலைக்குள் வைக்காதீர்கள். பஸ் நிற்கிற இடத்தில் வையுங்கள்.

பூணாகலை அக்கா:

தங்கச்சி, என் சின்னம்மாவும் அவர் மகனும் அதற்குள்தான். சின்னம்மா உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாத வீட்டில் பதினாறு எப்படிச் செய்வது என்று பெரியவர்களே தடுமாறினார்கள். கடைசியில் அவர் கொழுந்துக் கூடையை வைத்துப் படைத்தோம்.

மேடை வேண்டாம், மாலை வேண்டாம், பேச்சு வேண்டாம். முதல் வருஷங்களில் வாகனங்கள் வரிசையாக வந்தன, எங்களைத் தங்க வைத்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். படம் எடுத்தார்கள், போனார்கள். பலகை எழுதுமுன் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், இருக்கிற பெயரை மட்டும் எழுதினால் ஊருக்கே ஆள் தெரியாது. சின்னம்மாவின் பதிவுப் பெயர் எனக்கே மரணச் சான்றிதழ் வந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியில் விழுந்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது, யாருக்காக நடக்கிறோமோ அவர்களின் ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. அதுதான் அன்றைக்கு மனதை அறுத்தது.

அப்புத்தளை அண்ணன்:

பெயர் முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயரோடு நிறுத்தாதீர்கள் டீச்சர். அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. தெரிந்தும் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. லயமும் தோட்டத்துடையது, நிலமும் தோட்டத்துடையது. வேறு துண்டுக் காணி கையில் இல்லாதவன் எங்கே வெளியேறுவது?

2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி எல்லாம் மறுபடியும் மண்சரிவு. அந்த இரவில் எங்கள் லயத்தைக் காலி பண்ண வைத்தவர் மீரியபெத்தையில் தங்கையைப் பறிகொடுத்த ஒரு கிழவர். "தண்ணி செங்கலங்கலா வருது, எழும்புங்க" என்று கதவு கதவாகத் தட்டினார். நினைவுகூருவது என்றால் எனக்கு அந்தத் தட்டல்தான்.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். இதைப் பெயர்களுக்குக் கீழே எழுதுங்கள். தினமும் காலையில் ஒரு பிள்ளை அளந்து எழுதட்டும்.

கொஸ்லந்தை டீச்சர்:

மூன்று பேருக்கும் நன்றி. மழைமானியை அந்தக் கை உயர்த்திய பிள்ளையிடமே முதலில் கொடுப்பேன். பஸ் நிற்கிற இடத்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன்.

நேற்று இரவு அப்பாவிடம் கொப்பியைக் கொண்டுபோனேன். இத்தனை வருஷம் வாய் திறக்காதவர், மேல் லயத்திலிருந்து காம்பரா காம்பராவாக, அறை அறையாக, பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பதினொரு பெயர் வந்தது. பன்னிரண்டாவதாக ஒரு சின்னப் பிள்ளை, கோயில் பக்கத்துக் காம்பரா. எல்லோரும் "பாப்பா" என்றே கூப்பிட்டார்களாம், வேறு பெயர் அப்பாவுக்குத் தெரியவில்லை. பூணாகலை அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?