பிரெஞ்சு பாலினேசியா 12 இரவு: எந்தத் தீவு முதலில், நீர்மேல் குடில் எத்தனை நாள்?

பயணப்பை:

நானும் மனைவியும் மட்டும், 12 இரவு. தஹிதித் தீவில் உள்ள தலைநகர் பப்பேட்டேயில் இறங்கி அங்கிருந்தே திரும்புகிறோம். போரா போராவில் நீர்மேல் குடிலில் தங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கு ஸ்கூபா, அட்வான்ஸ்டு சான்றிதழ் இருக்கிறது. அவர் தண்ணீரில் மிதந்து மீன் பார்ப்பார், ஆழத்துக்கு வரமாட்டார். இருவரும் முழு சைவம், முட்டை கூட இல்லை.

இதுவரை போட்ட கணக்கு: தஹிதி 2, மூரேயா 2, போரா போரா 5 (ஐந்துமே நீர்மேல் குடில்), கடைசியாக ரங்கிரோவா 3. ரங்கிரோவாவிலிருந்து பப்பேட்டே வந்து அன்றிரவே சர்வதேச விமானம். மாதம் ஜூலை அல்லது செப்டம்பர் கடைசி. இந்திய பாஸ்போர்ட், இருவரிடமும் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருக்கிறது. இதில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்கடல்:

வரிசைதான் இடிக்கிறது. ரங்கிரோவாவைக் கடைசியில் வைத்தால் இரண்டு சிக்கல்.

ஒன்று, டைவிங். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் கேபின் அழுத்தம் குறைந்தால் அது ரத்தத்திலும் மூட்டிலும் குமிழியாகிவிடும். தீவுகளுக்கிடையே பறக்கும் சிறிய ஏடிஆர் விமானத்துக்கும் இதே விதிதான். 3 இரவில் வந்த நாளையும் கிளம்பும் நாளையும் கழித்து, டைவ் இல்லாத ஒரு நாளையும் விட்டால் மிஞ்சுவது ஒரே நாள்.

இரண்டு, இடைவெளி. ரங்கிரோவா இருக்கும் துவாமோத்து தீவுக்கூட்டத்துக்கு விமானங்கள் குறைவு. ஒன்று தாமதமானால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. அன்றிரவே சர்வதேச விமானம் என்றால் மொத்தத்தையும் சூதாட்டத்தில் வைத்த மாதிரி.

நான் போடுவது இப்படி:

இரவு 1: பப்பேட்டே. சர்வதேச விமானங்கள் பெரும்பாலும் இரவில்தான் வரும். ஃபாஆ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாதாரண அறை போதும்.
இரவு 2–5: ரங்கிரோவா. 3ஆம், 4ஆம் நாள் டைவ். 5ஆம் நாள் டைவ் இல்லை. நீல லகூனுக்கு (பவளத்திட்டு சூழ்ந்த, ஆழமில்லாத உள்கடல்) படகில் போங்கள், அது மனைவிக்கான நாள்.
இரவு 6–8: போரா போரா.
இரவு 9–12: மூரேயா. 13ஆம் நாள் படகில் பப்பேட்டே வந்து இரவு விமானம்.

போரா போராவைத்தான் எல்லோரும் கடைசியில் வைப்பார்கள், "உச்சத்தோடு முடியட்டும்" என்று. மூரேயாவைக் கடைசியில் வைக்கக் காரணம், அங்கிருந்து திரும்ப விமானமே வேண்டாம். வையாரே துறையிலிருந்து பப்பேட்டேவுக்கு ஒரு நாளைக்குப் பல படகுகள், அரை மணி முதல் முக்கால் மணிதான். ஒன்று போனால் அடுத்தது. அதோடு, மூரேயாவில் வாடகைக் கார் எடுத்தால் தீவைச் சுற்றி ஏறத்தாழ 60 கி.மீ. சாலை முழுக்க உங்கள் கையில்.

ரங்கிரோவாவிலிருந்து போரா போராவுக்கு நேரடி விமானம் எப்போதும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் பப்பேட்டே வழியாகச் சுற்ற வேண்டும். எனவே உள்ளூர் விமான அட்டவணையைப் பார்த்து அதற்கேற்ப ஓட்டல் தேதியைப் போடுங்கள். தலைகீழாகச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளூர் விமான நிறுவனமான ஏர் தஹிதியின் பல தீவு பாஸ் மலிவாக வரும்; ஆனால் எந்தத் தீவுக்குப் பின் எந்தத் தீவு என்பதற்கு நிபந்தனை இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். கைப்பை 5 கிலோதான் விடுவார்கள். கேமராவையும் டைவ் கம்ப்யூட்டரையும் வைத்தாலே அது நிரம்பிவிடும்.

கப்பல்துறை:

விசா விஷயத்தில் ஜாக்கிரதை. பிரெஞ்சு பாலினேசியா பிரான்ஸைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கனில் இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி இந்திய பாஸ்போர்ட்டில் நுழைய முடியாது. பிரெஞ்சுத் தூதரகம் வழியாக, பிரெஞ்சு பாலினேசியாவுக்குச் செல்லும் என்று ஸ்டிக்கரிலேயே குறிப்பிட்ட விசா வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் போகும் இடமாக அதையே எழுதுங்கள்; "பிரான்ஸ்" என்று எழுதினால் ஐரோப்பாவுக்கான விசாதான் வரும்.

போகும் வழிக்கும் விசா உண்டு. அமெரிக்காவில் விமானம் மாறுவதென்றாலும் குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். வெளியே போகாமலே மாறும் ஏற்பாடு அங்கே கிடையாது. சி1 (டிரான்சிட்) அல்லது பி1/பி2 (வருகையாளர்) விசா கட்டாயம். ஆக்லாந்து வழி என்றால் நியூசிலாந்து டிரான்சிட் விசா. இந்த மூன்றில் எது தாமதமாகும் என்று பார்த்து, அதை முதலில் தொடங்குங்கள். டிக்கெட் அப்புறம்.

நெய்தல்:

தென்கடல் சொன்ன வரிசை சரி. குடில் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. காசு கரையும் இடம் அதுதான்.

ஐந்து இரவு வேண்டாம், இரண்டு போதும்; வேண்டுமானால் மூன்று. ஆனால் இரண்டு என்பது இரண்டு நாள் அல்ல. அறை கிடைப்பது மதியம் 3 மணிவாக்கில், காலி செய்வது 11 மணிவாக்கில். ஆக, கையில் ஒரு முழு நாளும் இரண்டு அரை நாளும். காலை விமானத்தில் போரா போரா வந்து, முதல் இரவு மத்திரா கடற்கரைப் பக்கம் குடும்ப விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் குடிலுக்கு மாறினால் ஆசையும் நிறைவேறும், பணமும் மிஞ்சும். மத்திரா பொதுக் கடற்கரை, கட்டணம் இல்லை.

இட அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். நடுவில் மலைத்தீவு, ஒத்தேமனு சிகரம் 727 மீ. அதைச் சுற்றி லகூன், அதற்கு வெளியே மோத்து எனும் மணல்திட்டுகள். விமான நிலையமே ஒரு மோத்துவில்தான், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை போட்ட ஓடுதளம். இறங்கியதும் ஏர் தஹிதியின் இலவசப் படகு வைத்தாப்பே ஊருக்குக் கொண்டுபோகும். பெரிய ரிசார்ட்டுகள் அவரவர் மோத்துவில் இருப்பதால் தனிப் படகு அனுப்புவார்கள். அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று போக வரக் கட்டணம், அறை விலையில் சேராது. முன்பதிவுத் தாளில் அந்த வரியைத் தேடுங்கள். மோத்துவில் தங்கினால் சாப்பாடும் அவர்கள் வைத்த விலைதான். "அரை போர்டு" என்பது காலையும் இரவும் மட்டும், மதியம் தனி.

அடுத்தது எந்தக் குடில். நடைபாலத்தின் கடைசிக் குடிலுக்கு விலை அதிகம். தனிமை இருக்கும், காற்றும் அலையும் நேராக அங்கேதான் மோதும், வரவேற்பறைக்கு நெடுநடை வேறு. கரையோரக் குடிலில் தண்ணீர் இடுப்பளவு, அடியில் வெறும் மணல். பவளம் எல்லாக் குடிலுக்கும் கீழே இருக்காது. படத்தில் தெரியும் மீன் கூட்டம் வேறு இடத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். எனவே "குடிலின் கீழ் ஆழம் எவ்வளவு, பவளம் உண்டா, எந்தத் திசை பார்க்கிறது" என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

திசை ஏன் என்றால், ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்கிலிருந்து மராஆமு காற்று நாட்கணக்கில் அடிக்கும். தென்கிழக்கு முகக் குடிலின் ஏணியில் அப்போது இறங்கவே முடியாது, கண்ணாடித் தரைக்குக் கீழே கலங்கல்தான். உங்கள் இரண்டு மாதத்தில் செப்டம்பர் கடைசியே மேல். ஜூலையில் ஹெய்வா நடனப் போட்டிகள் பப்பேட்டேயில் அருமையாக இருக்கும். கூட்டமும் விலையும் அதே அளவுக்கு ஏறும். செப்டம்பரில் மழைக்காலம் இன்னும் தொடங்கியிருக்காது, அது நவம்பரில். மூரேயாவைச் சுற்றிக் கூனல் திமிங்கிலங்களும் இருக்கும். உரிமம் உள்ள படகில் மட்டும் போங்கள்.

மனைவிக்கு ஒரு குறிப்பு. சொசைட்டி தீவுகளில் (தஹிதி, மூரேயா, போரா போரா எல்லாம் இதில்தான்) ஓதம், அதாவது கடல்மட்டம், சந்திரனைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. சந்திரனால் வரும் ஓதம் தஹிதி பக்கத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது, எஞ்சுவது சூரியனுடையது. அதனால் தினமும் நண்பகல், நள்ளிரவில் ஏற்றம். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இறக்கம். வித்தியாசம் ஒரு முழத்துக்குள்தான். ஆனால் ஆழமில்லாத பவளத் தோட்டத்தில் அந்த முழம்தான் வயிற்றைப் பவளம் கீறாமல் காப்பது. பத்து மணிக்கு மேல் இறங்குங்கள். வெயில் உச்சியில் இருக்கும், முழுக்கைச் சட்டை கட்டாயம். பவளக் கீறல் சின்னதாக இருந்தாலும் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவி மருந்து போடுங்கள், சீக்கிரம் சீழ் பிடிக்கும். காலுக்கு ரப்பர் செருப்பு, கல்மீன் முள் குத்தாமலிருக்க.

பயணப்பை:

நன்றி நண்பர்களே. வரிசையை மாற்றிவிட்டேன், செப்டம்பர் என்று முடிவு. ரங்கிரோவாவில் கடல்வாய் (லகூனும் வெளிக்கடலும் சேரும் இடுக்கு) டைவ் பற்றியும் சைவச் சாப்பாடு பற்றியும் யாராவது சொல்வீர்களா? பணம் எப்படி?

தென்கடல்:

திப்புத்தா கடல்வாயில் பார்ப்பதற்குத்தான் எல்லோரும் போகிறார்கள்: டால்பின், சாம்பல் சுறா. லகூனுக்குள் தண்ணீர் ஓடும்போது இறங்குவார்கள். வெளிக்கடல் நீர் தெளிவு, ஓட்டம் உங்களை உள்ளே கொண்டுசேர்க்கும். வெளியே ஓடும்போது லகூன் கலங்கல் வரும், ஆழ்கடல் பக்கம் இழுக்கும். எனவே நேரத்தை டைவ் சென்டர்தான் சொல்லும், "காலை 8 மணிக்கே வேண்டும்" என்று அடம் பிடிக்காதீர்கள். முதல் டைவைக் கடல்வாய்க்கு வெளியே பாறைச்சரிவில் வைத்து, மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடை சரியா என்று பாருங்கள். ஓட்டத்தில் மேலே மிதக்கத் தொடங்கினால் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடுவீர்கள். சுறாக்களை அங்கே யாரும் பிடிக்க முடியாது, சட்டப்படி பாதுகாப்பு.

நீல லகூன் மேற்குக் கோடியில், ஊரிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி. காற்று அடித்தால் ரத்து செய்வார்கள். அந்த ஐந்தாம் நாளை மட்டும் நம்பாமல், அவர் 3ஆம் நாளே தனியாகப் போவாரா என்றும் கேட்டு வையுங்கள்.

அடுப்படி:

"வெஜிடேரியன்" என்றால் மீன் வைத்துவிடுவார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன், சான் எஃப்" என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். குடும்ப விடுதிக்கு இதை ஒரு வாரம் முன்பே எழுதிப் போடுங்கள். பவளத்தீவில் சாமான் சரக்குக் கப்பலில் வருவது. அன்றைக்குச் சொன்னால் சமைக்க ஒன்றும் இருக்காது. ஈரப்பலா, சேம்பு, சர்க்கரைவள்ளி, பப்பாளி, தேங்காய், பாகெட் ரொட்டி, சோறு என்று தாராளமாகக் கிடைக்கும். பருப்புதான் தட்டுப்பாடு. பப்பேட்டே பக்கம் கார்ஃபூர் பேரங்காடியில் வாங்கிக்கொண்டு போகலாம். ஊரிலிருந்து தேன், பழம், காய், விதை கொண்டுபோகாதீர்கள், சுங்கத்தில் பிடிப்பார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் மீன் சாப்பிடுவதானால் லகூன் மீனை உள்ளூர்க்காரர் சாப்பிடும் இடத்தில் மட்டும். சிகுவாட்டெரா நஞ்சு வேகவைத்தாலும் போகாது. எந்தத் திட்டு மீன் ஆகாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சூரை மீனில் அந்தக் கவலை இல்லை.

பணம் பசிபிக் ஃபிராங்க். யூரோவோடு நிலையாகக் கட்டியது: 1000 ஃபிராங்க் = 8.38 யூரோ. தஹிதி, மூரேயா, போரா போராவில் கார்டு ஓடும். ரங்கிரோவாவுக்குப் பப்பேட்டேயிலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள். விடுதிகளில் கார்டு கருவி வேலை செய்யாவிட்டால் வேறு வழியில்லை. டிப்ஸ் வைக்கும் பழக்கம் அங்கே கிடையாது.

கப்பல்துறை:

ஆக்லாந்து வழி போனால் ஓட்டல் தேதியை இன்னொரு தடவை பாருங்கள். தேதிக் கோட்டைத் தாண்டுவதால் 20ஆம் தேதி ஆக்லாந்தில் மாலை ஏறினால் பப்பேட்டேயில் இறங்குவது 19ஆம் தேதி இரவு. அறையை 20க்குப் போட்டுவிட்டு நள்ளிரவில் வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பும்போது ஒரு நாள் காணாமல் போகும், அதை விடுப்புக் கணக்கில் சேருங்கள்.

பப்பேட்டேயிலிருந்து போரா போராவுக்கு நேரே பறப்பவர்கள் லகூன் காட்சிக்காக இடது ஜன்னலைப் பிடிப்பார்கள். நீங்கள் ரங்கிரோவாவிலிருந்து நேரடியாக வந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது, வரிசையில் நிற்கும்போதே ஊழியரிடம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இருக்கை எண் இருக்காது, முதலில் ஏறியவருக்கே ஜன்னல்.