தைலப்புல்லுக்கு யூரியா போட்டால் வாசனை போய்விடுமா?

வேளிமலைக்காரன்: நேற்று இங்கே ஒருத்தர் எழுதியிருக்கிறார்: தைலப்புல்லுக்கு, அதுதான் எண்ணெய் வடிக்கிற எலுமிச்சைப்புல்லுக்கு, யூரியா போட்டால் எண்ணெயில் வாசனை செத்துவிடுமாம், சாணமும் சாம்பலும் போதுமாம். ஓய், எந்தத் தோட்டத்தில் பார்த்தீர்? புல்லுக்கு இலைதான் விளைச்சல். தழைச்சத்தை இதற்குக் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

திற்பரப்பு இயற்கை: எழுதியது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்வேன். யூரியாப் புல் கொழுகொழுவென்று நிற்கும், உள்ளே வெறும் தண்ணீர். நூறு கிலோ வடித்தால் எண்ணெய் குறைவாகத்தான் இறங்கும். உண்டா இல்லையா?

வேளிமலைக்காரன்: சதவீதம் கொஞ்சம் குறையலாம், யார் இல்லை என்றது? மொத்த எண்ணெயைப் பாரும். ஒரு பேச்சுக்கு, 100 கிலோ புல்லில் 0.4 சதவீதம் என்றால் 400 கிராம். அதே இடத்தில் யூரியா போட்டு 150 கிலோ வந்தால், 0.35 சதவீதமே இறங்கினாலும் 525 கிராம். வியாபாரி கிலோவுக்குத்தானே காசு தருகிறார்?

திற்பரப்பு இயற்கை: அந்தக் கூடுதல் 50 கிலோவை அறுக்கக் கூலியும் அடுப்புக்கு ரப்பர் விறகும் உம் மாமனார் தருவாரா? எண்ணெய்க்கு எலுமிச்சை வாசனை தருகிற சிட்ரல் குறைந்தால் வியாபாரி விலையையும் குறைப்பார்.

பேச்சிப்பாறை மேடு: ரெண்டு பேரும் மழையை மறந்துவிட்டீர்கள். ஆனி ஆடி மழையில் சரிவில் யூரியாவை வீசினால் புல்லுக்குப் போகாது, ஓடைக்குத்தான் போகும். அறுப்பு முடிந்து, மழை விட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போது தூரைச் சுற்றிக் கொஞ்சமாகப் போட்டுக் கிளறி மூட வேண்டும். அப்புறம், அறுத்த புல்லை ஒரு நாள் வாடவிட்டு வடித்தால் தண்ணீர்ப் பேச்சுக்கே இடமில்லை. விறகும் மிச்சம்.

வேளிமலைக்காரன்: மேட்டு அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் 525 கிராமுக்கு இன்னும் பதில் வரவில்லை.

திற்பரப்பு இயற்கை: கேரளத்தில் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் 1951 முதல் இந்தப் புல்லோடுதான் கிடக்கிறது. வடித்த சக்கையை மக்க வைத்து எக்டேருக்கு 10 டன், விறகுச் சாம்பல் 2 டன் போடு என்பதுதான் கேரளத்துப் பரிந்துரை. அவர்களை விட நீர் படித்தவரா?

வேளிமலைக்காரன்: பாதியை மட்டும் வாசித்தால் இப்படித்தான். அதே பரிந்துரையில் அடியுரமாகத் தழை, மணி, சாம்பல் சத்து 60:45:35 கிலோ, மேலுரமாகத் தழைச்சத்து 60 கிலோவை மூன்று நான்கு தவணையாக என்றும் இருக்கிறது. அது உம் கண்ணில் படாதே!

தோவாளைப் பூக்காரர்: நான் சாம்பலையும் யூரியாவையும் ஒரே கூடையில் கலந்து வீசுகிறேன். ஈரக் கையால் கலக்கும்போது மூக்கு எரிகிறது. அவ்வளவு சத்து.

வேளிமலைக்காரன்: சத்து இல்லை ஐயா, அமோனியா. சாம்பல் காரத்தன்மை உள்ளது. இரண்டையும் சேர்த்தால் தழைச்சத்து காற்றில் போகும். உம் மூக்கை எரிப்பது நீர் கொடுத்த காசு.

தோவாளைப் பூக்காரர்: மரியாதையாகப் பேசும். பிச்சிக்கும் அரளிக்கும் உரம் வைத்தே வளர்ந்த குடும்பம் நாங்கள். மலைக்காட்டில் புல் அறுக்கிறவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

திற்பரப்பு இயற்கை: யூரியா காற்றில் பறக்கிற சாமான் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது.

வேளிமலைக்காரன்: சாம்பலோடு கலந்தால் என்றுதானே சொன்னேன்! வாசிக்கவே மாட்டீரா? மாசியில் நீர் கொடுத்த ஆட்டுப்புழுக்கை லோடில் பாதி செம்மண். அதுதான் உம் இயற்கையோ?

திற்பரப்பு இயற்கை: லோடு ஏற்றியது டிரைவர். தைல அடுப்பில் என் முறை வந்த அன்று உம் புல்லைத் திணித்தீரே, அது எந்த நியாயம்?

பேச்சிப்பாறை மேடு: என் தோட்டத்தில் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவா? யாராவது சொல்லுங்கள்.

வேளிமலைக்காரன்: எட்டு மணி வரை நீர் அடுப்பே பற்ற வைக்கவில்லை, அப்புறம் என்ன முறை? 525 கிராம், பதில் சொல்லும்.

திற்பரப்பு இயற்கை: முதலில் வாசனைக்குப் பதில் சொல்லும்.

வேளிமலைக்காரன்: திங்கள்கிழமை வியாபாரி வருகிறார். உம் குப்பியோடு வாரும், மோந்து பார்க்கட்டும். வரும்போது செம்மண் லோடுக்கு வாங்கிய காசையும் எடுத்து வாரும்.