மைஎஸ்க்யூஎல்: ஒருவர் லாகினில் மற்றவர்களின் டேட்டாபேஸ் பெயரெல்லாம் தெரிகிறது, உதவி தேவை

பர்கூர்_பில்லிங்:
கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்க மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரே சர்வர், மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ் சாஃப்ட்வேர், ஆளுக்கு ஒரு டேட்டாபேஸ்: கூழ்_1, கூழ்_2 என்று போகும். முதல் ஃபேக்டரி கணக்கர் வொர்க்பெஞ்சில் (டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் புரோகிராம்) நுழைந்தால் எல்லாருடையதும் பட்டியலில் வருகிறது. கூழ்_2-ஐச் சொடுக்கினால் திறக்கவில்லை, ஆனால் பெயர் தெரிகிறதே. எல்லாரும் ஒரே தோப்பு பெங்களூரா காய்க்குப் போட்டி போடுகிறவர்கள், பக்கத்து ஃபேக்டரி கணக்கும் இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தாலே நம்பிக்கை போய்விடும். பட்டியலை நிறுத்தும் ஸ்கிப்-ஷோ-டேட்டாபேஸ் செட்டிங் போட்டால் சரியாகுமா?

தொப்பூர்_கணவாய்:
அதைப் போடாதீர்கள், அப்புறம் தன் டேட்டாபேஸைக்கூட அவரால் பட்டியலிட முடியாது. எதன் மேல் ஏதாவது ஒரு உரிமை இருக்கிறதோ அது மட்டும்தான் ஒருவருக்குத் தெரியும். எல்லாமே தெரிகிறது என்றால் *.* மேல், அதாவது சர்வரில் இருக்கிற எல்லா டேட்டாபேஸ் மேலும், ஏதோ கொடுக்கப்பட்டிருக்கிறது. அவருடைய உரிமைகளைக் காட்டும் ஷோ கிராண்ட்ஸ் ஓட்டிப் பாருங்கள்.

பர்கூர்_பில்லிங்:
*.* மேல் ப்ராசஸ் (சர்வரில் ஓடுவதைப் பார்க்கும் உரிமை), `கூழ்_1`.* மேல் செலக்ட் (படிக்க), லாக் டேபிள்ஸ் (பூட்ட), அவ்வளவுதான். அவர் ராத்திரி மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் பேக்கப் எடுப்பார் அண்ணா, ப்ராசஸ் இல்லாவிட்டால் டேபிள்ஸ்பேஸ் எரர் வருகிறது.

தொப்பூர்_கணவாய்:
*.* மேல் இருக்கிற அந்த ப்ராசஸ்தான் காரணம் தம்பி. பெயர் தெரிவதைவிடப் பெரிய ஆபத்து, ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் அடித்தால் மற்ற ஃபேக்டரிகளின் குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) அந்த நொடியில் ஓடுவது அப்படியே தெரியும், உள்ளே டன் விலை இருந்தால் அதுவும். ப்ராசஸை ரிவோக் செய்யுங்கள், அதாவது திரும்ப எடுத்துவிடுங்கள். டம்ப் கமாண்டில் --நோ-டேபிள்ஸ்பேஸஸ் சேர்த்தால் ப்ராசஸ் தேவையில்லை, 8.0.21-இலிருந்துதான் இந்தத் தொல்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கனெக்‌ஷனுக்கு மாற்றம் பிடிக்காது, அவரை வெளியேறி மறுபடி வரச் சொல்லுங்கள்.

பர்கூர்_பில்லிங்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாம் மறைந்துவிட்டது. ஆனால் கூழ்21 என்று ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது, எல்லாருடைய கணக்கும் ஒன்றாக இருந்த 2021 சீசனுடையது. அதற்கு யாருக்கும் உரிமையே கொடுக்கவில்லை.

ஒகேனக்கல்_பரிசல்:
கொடுத்திருக்கிறீர்கள். டேட்டாபேஸ் அளவில் கிராண்ட் (உரிமை கொடுக்கும் கட்டளை) எழுதும்போது அடிக்கோடு என்றால் ஏதாவது ஓர் எழுத்து என்று பொருள், அதனால் கூழ்_1 என்பது கூழ்21-க்கும் பொருந்தும். பெயர் தெரிவது மட்டுமில்லை, அவர் அதைப் படிக்கவும் முடியும், உடனே மூடுங்கள். பழைய கிராண்டை ஷோ கிராண்ட்ஸில் இருக்கிற மாதிரியே எழுதி ரிவோக் செய்துவிட்டு, `கூழ்\_1`.* என்று பின்சாய்வுக்கோடு போட்டுப் புதிதாகக் கொடுங்கள், அப்போது அடிக்கோடு வெறும் அடிக்கோடுதான்.

பர்கூர்_பில்லிங்:
செலக்ட் ஓட்டிப் பார்த்தேன், நிஜமாகவே திறந்தது. இப்போது பெயரும் இல்லை, திறக்கவும் இல்லை. மற்ற யூசர்களையும் அதே ஸ்கிரிப்டில்தான் உருவாக்கினேன், எல்லாருக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.