லிஃப்ட் போட்ட ஜிம்னி: முன்னால் "டக் டக்", வளைவில் சாய்வு. ஸ்டெபிலைசர் பாரை எப்படி செட் செய்வது?

மேடவாக்கம் ஜிம்னி:

அண்ணன்மார்களே, பத்து நாளாக இதே யோசனைதான், உதவி வேண்டும். என்னுடையது மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி ஜீப். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் தெரு மூழ்கியபோதே வண்டியை உயர்த்த வேண்டும் என்று நினைத்தேன். போன மாதம்தான் 50 மி.மீ. லிஃப்ட் போட்டேன். காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் புதுசு. முன்பக்க ஆன்டி ரோல் பாருக்கு (நம் மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் பார் என்பார்களே, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற முறுக்குக் கம்பி, அதுதான்) நீளம் கூட்டிக் குறைக்கிற லிங்க் ராட், அதாவது பாரின் முனையை இணைக்கிற சின்னக் கம்பி, இரண்டு பக்கமும் மாட்டினார்கள்.

இப்போது மூன்று தொந்தரவு. பள்ளத்தில் இறங்கினால் முன்னால் இடப்பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாய்கிறது. வண்டலூர் தாண்டி வெளிவட்டச் சாலையில் 80க்கு மேல் போனால் ஸ்டீயரிங் மிதக்கிற மாதிரி இருக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் வலப்பக்கம் லேசாகத் தாழ்ந்து நிற்கிறது. நான் உட்காருகிற பக்கம் என்பதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாட்டிக் கொடுத்த பட்டறையில் கேட்டால், "தடிமனான பார் போட்டுவிடலாம் சார், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். போடலாமா?

பழைய ஜிப்ஸி:

தம்பி, பாருக்கு இப்போது காசு போடாதீர்கள். நீங்கள் சொன்னது ஒரே கோளாறு இல்லை.

ஸ்டீயரிங் மிதப்பதற்கும் ஸ்டெபிலைசர் பாருக்கும் சம்பந்தமே இல்லை. ஜிம்னிக்கு முன்னாலும் முழு ஆக்ஸில், இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கிறது. சேஸி 50 மி.மீ. மேலே போனதும் ஆக்ஸிலைப் பிடித்திருக்கிற ஆர்ம் சரிந்து, ஆக்ஸில் தன் அச்சில் கொஞ்சம் சுழன்றுவிடுகிறது. அதில் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்புகிற அச்சு, பக்கவாட்டில் பார்த்தால் பின்னால் சாய்ந்திருக்கிற அளவு) குறைகிறது. வளைத்த ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதே அந்தக் கோணத்தால்தான். அதற்குக் காஸ்டர் திருத்தும் புஷ் (ஆர்ம் முனையில் இருக்கிற ரப்பர் உருளை) போட்டு, அலைன்மென்ட்டில் காஸ்டர் அளவையும் கேட்டு வாங்க வேண்டும். டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) மட்டும் பார்த்துவிட்டு "ஓகே சார்" என்று அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சத்தத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். தெருவை முழுசாக அடைக்கிற ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறும்படி மெதுவாகப் போங்கள். அப்போது பார் முறுக்கிக்கொள்ளாது, புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். பிறகு இடச் சக்கரத்தை மட்டும் ஒரு பள்ளத்தில் இறக்குங்கள். இதில்தான் பார் முறுக்கும். எதில் சத்தம் வருகிறது என்று சொல்லுங்கள்.

ஈசிஆர் ஓட்டி:

நான் லிங்க் இரண்டையும் கழற்றியே ஓட்டுகிறேன் நண்பரே, சக்கரம் நன்றாக இறங்குகிறது. நீலாங்கரை பக்கம் மணலில் இறக்கிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பழைய ஜிப்ஸி:

கல்லும் மேடும் உள்ள இடத்தில், ஆள் நடக்கிற வேகத்தில் கழற்றுவது சரி. முனைகள் பிரேக் ஹோஸில் இடிக்காமல் கட்டி வைக்கணும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும். உயர்த்திய வண்டியில் எடையின் மையம் மேலே போயிருக்கிறது. மழை ஈரத்தில் யாராவது குறுக்கே வந்து நீங்கள் சட்டென்று ஒடித்தால் வண்டி எவ்வளவு சாயும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, கடற்கரை மணலில் வண்டி இறக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. முட்டை மணலுக்குள் இருப்பது மேலே தெரியாது. டயர் ஏறினால் அவ்வளவுதான்.

மேடவாக்கம் ஜிம்னி:

சோதனை செய்தேன் அண்ணே. ஸ்பீடு பிரேக்கரில் சத்தமே இல்லை. இடச் சக்கரம் மட்டும் இறங்கினால் ஒவ்வொரு தடவையும் "டக்".

புதுப்பேட்டை லேத்:

அப்போது லிங்க்கிலோ பார் புஷ்ஷிலோதான் இருக்கிறது. என்னிடம் இந்த மாதிரி வண்டிகள் வரும். பாதிக்கு மேல் இதே கதைதான்: ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே லிங்க்கை மாட்டியிருப்பார்கள். துளைக்குத் துளை சேரவில்லை என்றால் லிங்க்கைத் திருகி நீட்டி போல்ட்டைச் சொருகிவிடுவது. வண்டி தரையில் இறங்கியதும் பார் ஏற்கெனவே முறுக்கிய நிலையில் நிற்கும். நீளமான லிங்க் இருக்கிற பக்கம் பாடியை மேலே தள்ளும். வலது தாழ்கிறது என்கிறீர்களே, இடது லிங்க் நீளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அளந்து பாருங்கள்.

சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். இரண்டு லிங்க்கையும் கீழ்ப்பக்கம் கழற்றிவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பம்பரை அமுக்கிவிட்டு ஸ்பிரிங் தானாக அமர விடுங்கள். இப்போது வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளங்கள். பார் இல்லாமலும் சாய்வு இருந்தால் அது ஸ்பிரிங் கோளாறு, லிங்க்கைத் திருகி அதை மறைக்கக் கூடாது. அளவு சமமாக வந்தால் டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு ஈடாக அரிசி மூட்டையோ ஆளோ வைத்து, வலது லிங்க்கை முதலில் மாட்டுங்கள். லிஃப்டுக்கு முன்னால் பாரின் கை நின்ற சாய்வுக்கு அது வர வேண்டும். பழைய போட்டோ இருந்தால் ஒப்பிடலாம். பிறகு இடது லிங்க்கை, போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போகும்வரை திருகுங்கள். சுத்தியல் கேட்டால் அளவு தப்பு. முடிந்ததும் லாக் நட்டை இறுக்கிப் பெயின்ட் கோடு போடுங்கள், நழுவினால் உடனே தெரிந்துவிடும். திருகின மரை போல்ட்டின் விட்டம் அளவுக்காவது உள்ளே இருக்கணும்.

தடி பார் பற்றி: விட்டம் 10 விழுக்காடு கூடினாலே முறுக்கை எதிர்க்கும் வலு ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும், வலு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறுகிற கணக்கு. முன்னால் மட்டும் அவ்வளவு விறைத்தால் மழையில் ஸ்டீயரிங்கை ஒடித்தும் வண்டி நேரே வழுக்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையைப் பிடிக்காமல் தூக்கும்.

மேடவாக்கம் ஜிம்னி:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே! ஞாயிற்றுக்கிழமை அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து அளந்தேன். லிங்க் கழற்றியதும் இரண்டு பக்கமும் சமம். மாட்டியிருந்தபோது இடப்பக்கம் 5 மி.மீ. உயரம். இடது லிங்க் வலதைவிட 14 மி.மீ. நீளம்! அதன் லாக் நட்டு கையாலேயே சுழன்றது, சத்தம் அங்கிருந்துதான். சரிசெய்து மாட்டி பள்ளிக்கரணை சர்வீஸ் ரோட்டில் எல்லாப் பள்ளத்திலும் இறக்கிவிட்டேன், ஒரு சத்தம் இல்லை. வளைவில் கொஞ்சம் சாய்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

பழைய ஜிப்ஸி:

நல்லது தம்பி. அந்தக் கொஞ்சச் சாய்வு உயரத்துக்கான விலை, அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா, பார் எதிலாவது உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேன்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸியோடு பிடிக்கிற கம்பி) இரண்டு முனையும் பாருங்கள். லிஃப்டில் அது சரிந்து ஆக்ஸிலைச் சேஸிப் பிடி இருக்கிற பக்கமாகச் சில மி.மீ. இழுத்திருக்கும்.

வெள்ளத்துக்காக உயர்த்தினேன் என்றீர்கள். ஸ்பிரிங் லிஃப்ட் பாடியைத்தான் தூக்கும், ஆக்ஸில் பழைய உயரத்திலேயே இருக்கிறது. தண்ணீரில் போய் வந்தால் டிஃபரென்ஷியல் (ஆக்ஸில் நடுவில் இருக்கிற கியர் பெட்டி) ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இன்சூரன்ஸ்காரர்களிடமும் லிஃப்ட் விஷயத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மேடவாக்கம் ஜிம்னி:

வலது ஹோஸ் முழுசாக ஒடித்தால் விறைப்பாகத்தான் நிற்கிறது அண்ணே, நீளமான ஹோஸுக்குச் சொல்லியாயிற்று. அது வரும்வரை மேட்டுப்பக்கம் போகமாட்டேன். காஸ்டர் புஷ் புதன்கிழமை வருகிறது. அலைன்மென்ட் தாளை அன்றே இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.