லேடெக்: பிரிட்டிஷுக்கு மாற்றியதும் நான் கொடுத்த சொற்பிரிப்பு எடுபடவில்லை

கேள்வி:
கல்வெட்டுகள் பற்றிய ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறேன், பிடிஎஃப்லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில். ஊர்ப்பெயர்கள் வரிக்கடைசியில் கண்டபடி உடைந்ததால், ப்ரியாம்பிளில் (கோப்பில் ஆவணம் தொடங்குவதற்கு முந்தைய பகுதி) ஹைஃபனேஷன் கட்டளைக்குள் நாற்பது பெயர்களைப் பிரித்துக் கொடுத்திருந்தேன். தஞ்சாவூர் என்றால் 'தஞ்சா' மேல்வரி, 'வூர்' கீழ்வரி. ஒழுங்காக ஓடியது.

போன வாரம் கைடு 'நாலெட்ஜ்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "எல்லுக்கு அப்புறமா வெட்டுவாங்க? டபிள்யூவோட நிறுத்துப்பா" என்றார். மொழியை அமைக்கும் பேபல் தொகுப்பை பிரிட்டிஷ் ஆப்ஷனோடு சேர்த்தேன். நாலெட்ஜ் சரியாகிவிட்டது, ஊர்கள் கெட்டுவிட்டன. இப்போது 'தன்' மேலே நிற்க, 'ஜாவூர்' கீழே விழுகிறது. லாக்கில் எர்ரர் எதுவும் இல்லை.

பதில் 1:
உடைய வேண்டிய இடத்தில் பின்சாய்கோடும் ஹைஃபனும் போட்டுவிடுங்கள். தீர்ந்தது.

கேட்டவர்:
300 பக்கம் நண்பரே. தஞ்சாவூர் இல்லாத பக்கமே கிடையாது.

பதில் 2:
உங்கள் பட்டியல் எங்கும் போகவில்லை, வேறு மொழியின் கணக்கில் கிடக்கிறது. அமெரிக்க ஆங்கிலமும் பிரிட்டிஷ் ஆங்கிலமும் லேடெக்குக்கு அடிப்படையான டெக்குக்குத் தனித்தனி மொழிகள். ஹைஃபனேஷன் கட்டளை, அது ஓடும் நேரத்தில் எந்த மொழி நடப்பில் இருக்கிறதோ அதில்தான் சொற்களைச் சேர்க்கும். ப்ரியாம்பிளில் இன்னும் அமெரிக்கம்தான். பேபல் பிரிட்டிஷுக்கு மாறுவது பிகின் டாக்குமென்ட் வரியில். அதனால் முன்பு வேலை செய்தது இப்போது செய்யவில்லை.

அதே பட்டியலை பேபல்ஹைஃபனேஷன் கட்டளைக்குள் போடுங்கள். அதற்கு ப்ரியாம்பிள்தான் இடம். சதுர அடைப்பில் மொழி எதுவும் கொடுக்காவிட்டால் எல்லா மொழிக்கும் பொருந்தும். ஊர்ப்பெயருக்கு அதுதான் நல்லது. பிறகு ஆவணத்துக்குள் ஷோஹைஃபன்ஸ் கொடுத்துப் பார்த்தால், எங்கெங்கே உடையும் என்று லாக்கில் வரும்.

கைடு சொன்னதிலும் நியாயம் உண்டு, ஆனால் முதலில் வந்ததும் தப்பில்லை. அமெரிக்க அகராதிகள் உச்சரிப்பைப் பார்த்து வெட்டும். பிரிட்டிஷ் வழக்கம் சொல்லின் வேரைப் பார்க்கும், அதனால் நாலெட்ஜின் வேரான 'நோ' (know) முழுசாக நிற்கிறது. டெக்கின் அமெரிக்கப் பிரிப்பு, ஃபிராங்க் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் முடித்த ஆய்வேட்டிலிருந்து வந்தது. எழுத்துக்கோவைகளை வைத்து ஊகிக்கும் முறை. அதற்கு நம் ஊர்ப்பெயர் எப்படித் தெரியும்? 'பிரசென்ட்', 'பிராஜெக்ட்' போன்றவை பெயர்ச்சொல்லாக ஓரிடத்திலும் வினையாக வேறிடத்திலும் பிரியும் என்பதால், அவற்றை உடைக்கவே வேண்டாம் என்று விதிவிலக்கில் வைத்துவிட்டார்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, மிக்க நன்றி! ஒன்றே ஒன்று: அட்டவணையின் ஒடுக்கமான கட்டத்தில் மட்டும் கங்கைகொண்டசோழபுரம் உடையாமல் கோட்டைத் தாண்டுகிறது.

பதில் 2:
கட்டத்தில் அது முதல் சொல்லா? பத்தியின் முதல் சொல்லை பிடிஎஃப்லேடெக் உடைக்காது. அதற்கு முன்னால் ஹெச்ஸ்பேஸ் கட்டளையில் பூஜ்ஜியம் பாயின்ட் கொடுங்கள்.

கேட்டவர்:
உடைந்தது. 'சோழபுரம்' அடுத்த வரிக்கு வந்துவிட்டது.