வெந்த தழும்பில் ஆறாத புண்: பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தால்?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் களப்பணியில் பார்த்தது. ஒரு அம்மாவுக்கு வயது 62. கணுக்காலுக்கு மேலே, 30 வருஷத்துக்கு முன் அடுப்பில் சேலை பற்றி வெந்த தழும்பு. அதில் ஐந்து மாதமாகப் புண். ஓரம் தடித்து வெளிப்பக்கம் மடிந்திருக்கிறது, துணி உரசினால் ரத்தம், நாற்றம். சர்க்கரை கட்டுக்குள்தான். புண்ணின் நடுவில் சிறு சதை கிள்ளி பயாப்ஸி சோதனைக்கு அனுப்பியதில் 'நாள்பட்ட அழற்சி' என்று வந்திருக்கிறது. களிம்பைத் தொடரலாமா? நடவு முடியட்டும் என்கிறார்.

ஸ்லைடுமேசை:
களிம்பை நம்பாதீர்கள். தழும்புப் புண் மூன்று மாதம் ஆறாவிட்டாலே செதிள் செல் புற்றுநோயை (ஒரு வகைத் தோல் புற்று) சந்தேகிக்க வேண்டும். புண்ணின் நடுவில் கிடைப்பது பெரும்பாலும் அழுகலும் சீழும்தான். தடித்த ஓரத்தில் மூன்று நான்கு இடத்தில், பாதி புண் பாதி நல்ல தோலாக, கொழுப்பு தெரியும் ஆழம் வரை எடுக்கச் சொல்லுங்கள். மேலாக எடுத்தால் வெறும் தோல் பெருக்கமா, புற்றா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் எங்களுக்கே பிரிக்க முடியாது. எடுத்த சதையை 10% ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும், அளவு சதையைப் போல் பத்து மடங்கு. சலைனில் (உப்பு நீரில்) போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் செல் கெட்டுவிடும். கூட அனுப்பும் சீட்டில் 'ஆறாத புண்' என்று மட்டும் எழுதாமல் 'தீக்காயத் தழும்பு, 30 வருஷம்' என்று எழுத வேண்டும்.

கத்திமுனை:
தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று இப்போதே தடவிப் பாருங்கள். தழும்பில் வரும் புற்று அங்கே பரவுவது அதிகம். கீழே எலும்பு இருப்பதால் எக்ஸ்ரேயும் வேண்டும். சாதாரணச் சிறிய செதிள் புற்றுக்குச் சுற்றி 4 முதல் 6 மி.மீ. நல்ல தோல் போதும். தழும்புப் புற்றுக்குப் பெரும்பாலும் 2 செ.மீ. விட்டு வெட்டுவோம். வெட்டிய விளிம்பில் புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகு தோல் ஒட்டுவதே நல்லது. அவசரப்பட்டு ஒட்டினால், மிச்சம் இருந்தது ஒட்டுக்கு அடியில் மறைந்து வளரும். எலும்பில் ஏறிவிட்டால் காலையே எடுக்க நேரலாம்.

நாடாக்குறி:
சேலை கட்டுபவர்களுக்கு இடுப்பையும் பாருங்கள். பாவாடை நாடா ஒரே இடத்தில் பல வருஷம் இறுக்கிக் கருத்து, தடித்து, வெடித்த இடத்திலும் இதே புற்று வரும். முகத்தில் வருவது வேறு, அடித்தள செல் புற்று என்ற இன்னொரு வகைத் தோல் புற்று. நம் தோலில் கருப்பாக இருப்பதால் மச்சம், மரு என்று விட்டுவிடுகிறார்கள். தோலை இழுத்துப் பிடித்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் ஓரம் முத்துப்போல் மினுங்கும். அது மெதுவாகத்தான் வளரும், ஆனால் கண்ணோரம், மூக்கோரம் என்றால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். சேராங்கொட்டை வைத்துச் சுட்டால் மேலே ஆறியது போல மூடும், வேர் அடியில் ஓடும்.

வெண்ணாற்றங்கரை:
மறுபடி பயாப்ஸி எடுத்த பிறகு வயலில் இறங்கலாமா?

கத்திமுனை:
எடுத்த இடம் மூடும்வரை சேறு ஆகாது. நாற்றுப் பறிக்க வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல்வர் காப்பீட்டு அட்டையையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போகட்டும். முடிந்தால் பழைய ஸ்லைடையும் (சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு).